கொழுப்புக் குளிசையும் மனனமும்

காக்காவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, வாய் இழுத்தது ஒரு காலை நேரம். மாவடிப்பள்ளியில் தன் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, வயலுக்குத் தண்ணீர் கட்டும் விஷயமாக மதினியோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வசனம் பாதியில் நின்றுபோனது. மதினி திரும்பிப் பார்க்க, கோப்பை சரிந்து சாரனெல்லாம் தேத்தண்ணி.

"சூடு தெரியல்லையா உங்களுக்கு?" என்று மதினி கேட்டிருக்கிறார்.

காக்கா சிரித்தாராம். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்ததாம்.

எனக்குப் போன் வந்தபோது கடையில் ஒரு படகுக்காரருக்கு மிதவைகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கல்முனையில் எனக்கு வலைக்கடை. வலை, கயிறு, மிதவை, ஈயம், நங்கூரம் என்று கடலுக்குப் போகிறவர்களுக்குத் தேவையான எல்லாம் இருக்கும். ஒலுவில் துறைமுகத்துப் படகுக்காரர்களும் என்னிடம்தான் வருவார்கள். மிதவைகளை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது காக்காவை அம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். என்னைக் கண்டதும் இடது கையை நீட்டினார். வலது கை அவருக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளைப்போலப் பக்கத்தில் கிடந்தது.

"காக்கா, என்ன செய்யிது?" என்றேன்.

"அது..." என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அது, அது" என்றார்.

அன்றிலிருந்து பல வாரங்களுக்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, தலை வலித்தாலும் அது, கோபம் வந்தாலும் அது. எங்கள் தகப்பனார், வாப்பா, கண்மூடி மௌத்தான பிறகு காக்கா சொல்லித்தான் வீட்டில் எந்தக் காரியமும் நடக்கும். வயற்காரர்களின் கூட்டத்தில் அவர் எழும்பி நின்றால் மற்றவர்கள் இருந்துவிடுவார்கள். அப்படிக் கதைத்த மனிதர் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

வார்ட்டில் இருந்த டொக்டர் காரைதீவுப் பக்கத்துப் பிள்ளை. என் மகளின் வயதுதான் இருக்கும். என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு கையை விரித்து மறு கையின் விரலால் அதில் வட்டம் போட்டுக் காட்டினார்.

"ஐயா, மூளையின்ட இடப்பக்கத்துக்கு ரத்தம் போற குழாய் ஒண்டு அடைபட்டிருக்கு. நடுவில இந்த இடத்தில இருந்த கலங்கள் செத்துப்போச்சு. அத எங்களால திருப்பித் தர ஏலாது. ஆனா சுத்தி இருக்கிறதுகள் இன்னும் சாகயில்ல. சாகிறதா இருக்கிறதா எண்ட நிலையில நிக்குதுகள். அதுகளக் காப்பாத்திறதுக்குத்தான் இப்ப மருந்து குடுக்கிறம்."

மருந்துகளில் ஒன்று கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் மாத்திரை; எங்கள் ஊரில் குளிசை. காக்காவுக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருந்தது. அது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

"உங்கட ரத்தம் சோதிச்சிருக்கா?" என்று டொக்டர் கேட்டார்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இரிக்கன்."

"அண்ணனும் நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திருப்பார்," என்றார் அவர். குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வாரமே சோதித்தேன். எனக்கும் கூடத்தான் இருந்தது. அதே குளிசையை எனக்கும் எழுதித் தந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ஹாபிழ். பதினைந்து வயதாவதற்குள் குர்ஆன் வேதம் முழுவதையும் மனனம் செய்து முடித்தவன். வலைக்கடை என் தொழில். ஆனால் ஊரில் என்னை ஹாபிழ் என்றுதான் தெரியும். ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் கடற்கரைப் பள்ளிவாசலில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையை நான்தான் நடத்துவேன். புத்தகம் பார்க்காமல், மனதிலிருந்து எடுத்து, மாதம் முடியும்போது முழுவதையும் ஓதி முடிக்க வேண்டும். எனக்குப் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்பார். நான் எங்காவது தடுக்கினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அவர் என் சிறு வயதுக் கூட்டாளி. பிரதான வீதியில் தையற்கடை வைத்திருக்கிறார். என்னை அவர் மச்சான் என்பார், அவரை நான் மச்சான் என்பேன்.

குளிசை குடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளிருக்கும். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மச்சான் போனை என் காதில் வைத்தார்.

"இதக் கேளு."

வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு. யாரோ ஒருவர், யாரென்று தெரியாது, நல்ல கணீரென்ற குரலில் சொல்லிக்கொண்டு போனார். மூளை கொழுப்பால் ஆனதாம். கொழுப்பைக் கரைக்கும் குளிசை மூளையையும் கரைக்குமாம். முதலில் போவது ஞாபகமாம்.

"நீ குடிக்கிற குளிசை இதுதானே?" என்றார் மச்சான்.

"ஓம்."

"பாத்துக்க மச்சான். உனக்கு மத்தது போனாலும் காரியமில்ல. மனனம் போனா?"

அவர் அன்பில்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி என் நெஞ்சில் போய் இருந்துகொண்டது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்குமுன் ஓதிக்கொண்டிருந்தேன். வேதத்தில் ஒன்றுபோலவே வரும் வசனங்கள், ஆயத்துகள், பல உண்டு. ஒரு அத்தியாயத்தில் ஒரு சொல்லோடு முடிவது, இன்னொன்றில் வேறு சொல்லோடு முடியும். ஹாபிழ்கள் தடுக்குவது அந்த இடங்களில்தான். அன்று நான் ஒரு அத்தியாயத்தில் நடந்துகொண்டிருந்தவன், எனக்கே தெரியாமல் வேறொன்றுக்குள் போய்விட்டேன். நெடுந்தூரம் போன பிறகுதான் உணர்ந்தேன். திரும்பி வந்து தொடங்கினேன். மறுபடியும் அதே இடத்தில் அதே பிழை.

கடையின் இரும்புக் கதவைத் தூக்காமல் அப்படியே இருந்தேன். காக்காவின் வாயில் மிச்சமிருந்த அந்த ஒரு சொல் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்று இரவு குளிசை அட்டையை மனைவியின் கையில் கொடுத்தேன்.

"இது இனி எனக்கு வேணாம்."

"ஏன்?"

காரணத்தைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "காக்காட வீட்டுக்கு எத்தின தரம் போய் வந்திருப்பீங்க இந்த மாசம்? அங்க பாத்த பிறகும் இதத்தான் சொல்றீங்களா?"

"அங்க பாத்ததாலதான் சொல்றன். அவருக்குச் சொல் போச்சு. எனக்கு மனனம் போகப் பாக்குது."

"மகளுக்கிட்டக் கேக்காம நான் இத விடமாட்டன்," என்று அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஒரே மகள் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், "மருந்து சம்பந்தமான படிப்பு" என்று சொல்லி முடித்துவிடுவேன். எனக்கே சரியாகத் தெரியாது. நரம்புக் கலங்களை வளர்க்கிறாள், அவை ஏன் சாகின்றன என்று பார்க்கிறாள் என்ற அளவில்தான் தெரியும். ஆட்டுக்குட்டி வளர்ப்பதுபோல என்று ஒருமுறை பகிடி செய்தபோது, "ஓம் வாப்பா, அதவிடக் கஷ்டம். ஒரு நாள் பசியில விட்டா எல்லாம் செத்துரும்" என்றாள்.

மனைவி போனில் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். நான் ஒரு நாளும் அப்படிக் கதைக்காத சொற்களைக்கூட நான் சொன்னதாகச் சொன்னாள். பிறகு போனை என்னிடம் தந்தாள்.

மகள் ஏசவில்லை. "வாப்பா, நீங்க சரக்கெடுக்க இஞ்சால வரப்போறீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"அடுத்த கிழம."

"அப்ப புறக்கோட்டை வேலைய முடிச்சிட்டு என்ட வேலையிடத்துக்கு வாங்க. நான் உங்களுக்கு ஒண்டு காட்டணும். அது வரைக்கும் குளிசைய நிப்பாட்டுறதா இருந்தா டொக்டருக்கிட்டச் சொல்லிட்டு நிப்பாட்டுங்க. சொல்லாம வேணாம்."

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர், "கொழும்புக்குப் போய் வந்து என்னட்டக் கதையுங்க. வந்த உடன வரோணும்," என்றார்.

புறக்கோட்டையில் நைலோன் கயிறுகளைப் பார்த்துக் கட்டச் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்துப் போனேன். மகள் வாசலில் நின்றாள். வெள்ளை மேலங்கி, தலையில் கறுப்புப் பர்தா. எனக்கும் ஒரு மேலங்கி தந்தாள். செருப்புக்கு மேலே நீல நிற உறை போடச் சொன்னாள். உள்ளே குளிரூட்டியின் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. மூடிய அலுமாரி போன்ற ஒன்றைத் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான பிளாஸ்டிக் கிண்ணங்களை எடுத்தாள். அவற்றில் ஏதோ ரோஸ் நிறத் தண்ணீர்.

"இதான் என்ட ஆட்டுக்குட்டிகள்," என்றாள்.

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. அவள் என் தலையைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பிவிட்டாள். பிறகு தெரிந்தன. சின்னச் சின்ன உடம்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கைகள் நீண்டு, பக்கத்திலிருப்பதைப் போய்த் தொட்டுக்கொண்டு. நான் வாழ்நாளெல்லாம் வலை விற்றவன். இவ்வளவு நுணுக்கமான ஒரு பின்னலை நான் கண்டதில்லை. "சுப்ஹானல்லாஹ்" என்றேன்.

"இது ஒண்டும் செய்யாதது. இப்ப இதப் பாருங்க."

அடுத்த கிண்ணம். அதில் கைகளெல்லாம் சுருங்கி, உடம்புகள் உருண்டைகளாகிப் பிரிந்து மிதந்தன. கேட்காமலே விளங்கியது.

"இதுக்கு என்ன செஞ்ச மகள்?"

"மூளையில கலங்கள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறதுக்கு ஒரு பொருள் இரிக்கி வாப்பா. கொஞ்சமா வந்தா அது கதை. ரத்தம் நிண்டா அது அளவில்லாமக் கொட்டுண்டு போயிரும். அப்ப அதுவே நஞ்சாகும். பெரியவாப்பாக்கு அடைப்பு வந்தப்ப உள்ளுக்குள்ள நடந்ததில ஒண்டு அதுதான். நான் இதுக்கு அதக் கூடக் குடுத்த."

மூன்றாவது கிண்ணத்தை வைத்தாள். அதில் சில உருண்டைகள் இருந்தன. ஆனால் பெரும்பாலானவை கைகளை நீட்டியபடியே இருந்தன. முதல் கிண்ணம் அளவுக்குச் செழிப்பில்லை. என்றாலும் உயிர் இருந்தது தெரிந்தது.

"இதுக்கு நஞ்சு குடுக்கல்லையா?"

"குடுத்த. அதே அளவு. ஆனா அதுக்கு முதல் நாளே இன்னொரு மருந்தும் குடுத்திருந்த." அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க உம்மாட கையில குடுத்தீங்களே, அந்தக் குளிசைச் சாமான்தான். ஸ்டாட்டின்."

நான் மறுபடியும் குனிந்து பார்த்தேன். மனம் துள்ளியது என்றுதான் சொல்ல வேண்டும். மூளையைத் தின்னும் என்று கணீரென்ற குரலில் ஒருவர் சொன்ன பொருள், என் கண் முன்னால் மூளைக் கலத்தைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

"அப்ப இது என்ட மனனத்தக் காப்பாத்தும். அப்பிடித்தானே?"

"அப்பிடிச் சொல்ல ஏலா வாப்பா."

"ஏன் ஏலா? இந்தா கண்ணால கண்டாச்சே."

"நீங்க கண்டது கிண்ணத்த. இதுக்குள்ள ரத்தமில்ல, ஈரலில்ல. உங்கட தலை இல்ல. கிண்ணத்தில இருந்து மனிசனுக்குப் போறதுக்கு இடையில கன தூரம் இரிக்கி. அந்தத் தூரத்தில நிறைய மருந்துகள் விழுந்து போயிரிக்கி."

"சரி, கொஞ்சமாச்சும் காப்பாத்தும் எண்டு சொல்லன்."

"காப்பாத்தலாம். காப்பாத்தும் எண்டு சொல்ல மாட்டன்." பிறகு நான் கேட்காமலே நாலாவது கிண்ணம் ஒன்றையும் எடுத்து வைத்தாள். அதிலும் எல்லாம் உருண்டைகள். "இதுக்கு நஞ்சே குடுக்கல்ல. குளிசைச் சாமான மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடுத்த. செத்துப்போச்சு. இதையும் நீங்க பாக்கணும்."

கதிரையில் இருந்தேன். அவள் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப அந்த ஆள் சொன்னதுஞ் சரியா?"

"அவர் சொன்னது சரியில்ல. மூளை தனக்கு வேண்டிய கொழுப்பத் தானே செஞ்சுக்கும், ரத்தத்தில போறத எடுக்கிறல்ல. குளிசை குடிச்சதால மறதி வந்த எண்டு சிலர் சொல்லியிரிக்காங்க, அத நான் இல்லெண்டு சொல்ல மாட்டன். ஆனா சரியா ஆராய்ஞ்சு பாக்கக்குள்ள குளிசைதான் காரணம் எண்டு பெரும்பாலும் நிக்கல்ல. உங்களுக்குச் சந்தேகமெண்டா டொக்டர் அளவ மாத்துவாங்க, வேற வகையும் இரிக்கி. இது மூளைக் கலத்தக் காக்குமா எண்டது இன்னும் தேடுற விஷயம். ரத்தக் குழாய் அடைபடாமக் காக்கும் எண்டது தெரிஞ்ச விஷயம். பெரியவாப்பாக்கு வந்தது குழாய்ல. நீங்க குடிக்க வேண்டியது அதுக்காக."

அவள் என் மகள். ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாக ஊருக்குப் போயிருப்பேன். அது அவளுக்கும் தெரியும். சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அந்த முக்காலியில் இருந்து அவள் கதைத்த விதத்தைப் பார்க்கப் பார்க்க, இவள் சொல்வதை நம்பலாம் என்ற அமைதி எனக்குள் வந்தது. வேண்டியதைச் சொல்லாமல் தெரிந்ததை மட்டும் சொல்லும் ஆளைத்தானே நம்ப வேண்டும்.

எழும்பும்போது அவள் கேட்டாள்: "வாப்பா, சுபஹுக்குப் பிறகு வழமையா ஓதுவீங்களே, அது இப்பயும் நடக்குதா?"

குனிந்து செருப்பிலிருந்த நீல உறையைக் கழற்றினேன். காக்கா விழுந்த நாளிலிருந்து என் காலைகளெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் மாவடிப்பள்ளிக்கும் போயிருந்தன. நித்திரையும் ஒழுங்கில்லை. மனனம் என்பது ஒருமுறை பூட்டி வைத்தால் அப்படியே இருக்கும் சாமான் அல்ல. ஒவ்வொரு நாளும் எடுத்து ஓதிக்கொண்டிருக்க வேண்டும். ஹாபிழுக்கு இது முதல் பாடம்.

ஊருக்கு வந்து டொக்டரைப் போய்ப் பார்த்தேன். கொழும்பில் கண்டதைச் சொன்னேன். அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை; கிண்ணத்தைப் பற்றி என்னிடம் குறுக்குக் கேள்வி கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அளவைக் கொஞ்சம் குறைத்து மறுபடியும் தொடங்கச் சொன்னார். நித்திரை கொள்ளச் சொன்னார். மாட்டுக் குடல் பாபத்தையும் மாட்டிறைச்சியையும் பற்றியும் சொன்னார். அதைப் பற்றி இங்கே எழுதி என் மனத்தை நானே புண்படுத்திக்கொள்ள விரும்பவில்லை.

ஓதலை மறுபடி ஒழுங்காகத் தொடங்க வேண்டும். காக்காவையும் பார்க்கப் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டேன். மச்சானிடம் சொல்லிவிட்டு, அஸருக்குப் பிறகு மாவடிப்பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போய், காக்காவின் கட்டில் பக்கத்தில் இருந்து ஓதுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருப்பார். காக்கா ஹாபிழ் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளிலும் சாவு விழுந்த மையத்து வீடுகளிலும் ஓதும் அத்தியாயங்கள் அவருக்கு மனனம். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒரு நாள் அப்படி ஒரு அத்தியாயத்தை ஓதிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு இடம். எனக்கு அடுத்த சொல் வரவில்லை. நடிப்பல்ல; உண்மையாகவே வரவில்லை. வாயைத் திறந்தபடி இருந்தேன்.

கட்டிலிலிருந்து அடுத்த மூன்று சொற்களும் வந்தன.

தெளிவாக வந்தன. இழுப்பில்லை, குழறலில்லை, எழுத்துகளின் உச்சரிப்பில் பிசகில்லை. நான் அந்தச் சொற்களை வாங்கிக்கொண்டு தொடர்ந்தேன். காக்காவும் என்னோடு தொடர்ந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். அவர் தனியே போனார், அந்த அத்தியாயத்தின் கடைசி வரைக்கும். அடுப்படியிலிருந்து மதினி மாவுக் கையோடு வந்து வாசலில் நின்றார்.

முடிந்ததும் மதினி கிட்ட வந்து, "தண்ணி வேணுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"அது," என்றார் காக்கா.

மதினி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். காக்கா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். வலது பக்கமும் கொஞ்சம் அசைந்தது.

அன்றிரவே மகளிடம் போனில் சொன்னேன். எந்த அத்தியாயம், எந்த இடத்தில் என்று அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நெஞ்சில பதிஞ்சு பழகின ஓதல், பாட்டு, எண்ணிக்கை, இதுகளெல்லாம் மூளையில வேற வழியாலயும் வரும் வாப்பா. புதுசா வசனம் கட்டுற இடம் பழுதானாலும் இது தப்பியிரிக்கும். டொக்டருக்கிட்டச் சொல்லுங்க, பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்களுக்கு இது உதவும்" என்றாள்.

"அப்ப அவருட உள்ளுக்குள்ள நிறையக் கலம் தப்பியிரிக்கி."

"ஓம். அல்ஹம்துலில்லாஹ்."

"குளிசையாலதானா?"

"தெரியா," என்றாள். சிரித்தது கேட்டது. "நான் வளக்கிற கலங்களுக்கு ஒரு ஆயத்தும் தெரியா வாப்பா. தெரிஞ்சா அதுகளுக்கிட்டக் கேக்கலாம்."

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஒரு இளைஞர். ஓதலில் கை வைக்க அவருக்குத் தயக்கம். வேறு ஏதாவது ராகத்தோடு வருவது இவருக்குப் பழக்கமா என்று கேட்டார். மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இளமையில் களத்தில் கதிரைச் சூடு மிதிக்கும்போதும் வண்டியில் போகும்போதும் காக்கா கவி படிப்பாராம். எங்களுக்கு முன்னால் அந்தக் கவியைப் பாடி எடுத்துக் கொடுக்க மதினி சம்மதிக்கவில்லை. நாங்கள் வெளியே போய் நிற்க வேண்டியதாயிற்று. கதவுக்குப் பின்னால் முதலில் ஒரு குரல், பிறகு இரண்டு குரல் கேட்டது. அதன் பிறகு அந்த ராகத்துக்குள் "தண்ணி", "சோறு", "வா", "போ" என்று சின்னச் சின்னச் சொற்களை வைத்துப் பழக்கினார்கள். மெல்ல மெல்ல ராகத்தை எடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் நிறுத்தினார்கள். சில நாள் வரும், சில நாள் வராது.

அந்த வருட நோன்பில் வழமைபோலத் தராவீஹ் நடத்தினேன். பயமில்லாமல் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். மாதத்தின் நடுவில் ஒரு நாள் தடுக்கினேன். பின்னாலிருந்து மச்சான் சொல்லை எடுத்துத் தந்தார். தொழுகை முடிந்து கஞ்சிக் கோப்பையோடு வெளியே இருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னமும் குடிக்கியா அந்தக் குளிசைய?"

"ஓம்."

"பாத்தியா? நான் சொன்னனே."

"போன நோம்புக்கும் நீதானே திருத்தின. அப்ப நான் என்ன குளிசை குடிச்ச?"

மச்சான் கஞ்சியைக் குடித்தார். முந்தின வருடத்தையும், அதற்கு முந்தினதையும் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "அதுஞ் சரிதான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த டொக்டர் என்னென்ன நாளில கிளினிக்குக்கு வாற?" என்று கேட்டார். அவருக்கும் கொழுப்பு கூடத்தான் இருந்தது. பல மாதங்களாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

பெருநாள் முடிந்து மகள் ஒரு நாள் போன் எடுத்தாள். கிண்ணத்தில் மருந்தின் அளவை, ஒரு மனிதனின் இரத்தத்தில் இருக்கக்கூடிய அளவுக்குக் குறைத்துப் பார்த்திருக்கிறாள். காப்பாற்றியது, ஆனால் முன்பு கண்டதைவிட மிகக் குறைவாக.

"கவலையா மகள்?"

"முதல் ரெண்டு நாள் கவலதான். இப்ப இல்ல. எந்த இடத்தில குறையுது எண்டு தெரியும்தானே, இனி அங்க தேடலாம்." பிறகு கேட்டாள்: "இதக் கேட்டு நீங்க திரும்பக் குளிசைய நிப்பாட்ட மாட்டீங்களே?"

"இல்ல. நீ அது குழாய்க்கு எண்டுதானே சொன்ன."

"ஓம். குழாய்க்குத்தான்."

"மத்தது உன்ட தேடல். தேடு. நான் துஆ செய்றன்."

அவளுடைய கலங்களுக்காகவும் நான் துஆ செய்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சிரிப்பாள் என்று விட்டுவிட்டேன்.

போன வெள்ளாமை வெட்டுக்குக் காக்காவைப் பின்னால் இருத்தி மோட்டார் சைக்கிளில் வயலுக்குக் கூட்டிப்போனேன். விழாமல் இருக்க என் வயிற்றைச் சுற்றி இடது கையால் பிடித்திருந்தார்; வலது கையையும் மேலே வைத்திருந்தார். வரம்பில் கதிரை போட்டு இருத்தினோம். கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. தூரத்தில் அறுவடை மெசின் வீதியிலிருந்து வயலுக்குள் இறங்கியது. காக்கா கையை நீட்டி அதைக் காட்டினார். வாய் பல தடவை திறந்து மூடியது. அவர் தேடுவது தெரிந்தது. நாங்கள் எடுத்துக் கொடுக்காமல் பொறுத்துக்கொண்டிருந்தோம்; அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

"கப்பல்," என்றார் கடைசியில். "கப்பல் வருது."

சொல் பிழை. அது அவருக்கும் உடனே தெரிந்துவிட்டது. தலையை ஆட்டி மறுத்தார். ஆனால் மஞ்சள் கதிருக்கு நடுவில், இரண்டு பக்கமும் வைக்கோலை ஒதுக்கிக்கொண்டு அது வந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் பிழை சொல்ல மனம் வராது. மதினி, "ஓம், கப்பல்தான். வரட்டும். நெல்லேத்தத்தானே வருது" என்றார். காக்கா மதினியைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மெசின் ஓட்டி வந்தவர் என்ன விஷயமென்று விளங்காமல், தானும் சிரித்தபடி வரம்போரமாக வண்டியைத் திருப்பினார்.